மூன்றடி மண்

2025 டிசம்பர் 31 மதியம். ஆஸ்டின் பக்கத்து ரவுண்ட் ராக்கில் ஒரு நண்பர் வீட்டில் பிரியாணி. புது வருஷத்துக்காகக் கூடியதாகத்தான் பேச்சு, ஆனால் எல்லார் கண்ணும் டிவியில். ஆர்லாண்டோவில் 'சிட்ரஸ் போல்' என்ற கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம், எங்கள் டெக்சஸ் பல்கலைக்கழக லாங்ஹார்ன்ஸுக்கும் மிச்சிகனுக்கும். நாலாவது குவார்ட்டரில் எங்கள் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு 60 யார்டு ஓடி டச்டவுன் (எதிராளியின் கோல் கோட்டைத் தாண்டுவது) போட்டபோது, வெங்காயப் பச்சடிக் கிண்ணம் ஒன்று கார்ப்பெட்டில் கவிழ்ந்தது. யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 41-27. ஜெயித்தாயிற்று.

தட்டு கழுவி முடிப்பதற்குள் அடுத்த சீசன் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இனிமே கவலையே இல்ல மச்சான். 2026 நம்மளுது. பையன் செட் ஆயிட்டான்" என்றார் ஒருவர். செப்டம்பரில் இதே ஆள்தான், "இவன்கிட்ட தாத்தா பேரைத் தவிர ஒண்ணும் இல்ல" என்று சொன்னவர். (தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டனும் ஈலையும். எல்லாரும் குவார்ட்டர்பேக். அந்தச் சித்தப்பாக்கள் இருவரும் தொழில்முறை லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போலை ஆளுக்கு 2 முறை ஜெயித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பிறப்பதும் ஒரு கஷ்டம்தான்.) இன்னொருவர், ஆர்ச்சுக்கு முந்தின குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் இருந்திருந்தால் இந்த வருஷம் பிளேஆஃப் போயிருப்போம் என்றார். வீட்டுக்காரர் பையன் யுடியில் (அதே டெக்சஸ் பல்கலைக்கழகம்) இரண்டாம் வருஷம் படிக்கிறான். "கோச் ஸார்க் ஆர்ச்சை இன்னும் ஓட விடணும் அங்கிள், இன்னைக்குப் பாத்தீங்கல்ல" என்றான். ஆளாளுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் இடம்) எந்த ரிசீவரை, அதாவது எறியும் பந்தைப் பிடிக்கிறவரை, இழுக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள்.

நான் சொன்னேன்: "நமக்கு வேண்டியது ஒரு நல்ல லெஃப்ட் கார்டு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அடுப்படியில் இருந்து ஒரு குரல் மட்டும், "எந்த கார்டு, காஸ்ட்கோ கார்டா?" என்றது. அதற்குச் சிரித்த சிரிப்பில் நான் சொல்ல வந்தது காணாமல் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. பந்தை எறிகிறவர், அல்லது ஓடுகிறவர் கையில் கொடுக்கிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேர்தான் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரத்தில் டேக்கிள். ஒவ்வொருவரும் 140 கிலோ சுமாருக்கு இருப்பார்கள். எதிராளி குவார்ட்டர்பேக்கைத் தொட விடாமல் தடுப்பதும், ஓடுகிறவனுக்கு வழி விலக்கிக் கொடுப்பதும் இவர்கள் வேலை. டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் இவர்கள் முகம்கூட நமக்குத் தெரியாது. தேர் ஓடும்போது சாமியைப் பார்ப்பார்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்?

மூன்று காட்சிகளைச் சொல்கிறேன். டெக்சஸ் ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கவும்.

2023 அக்டோபர். டல்லாஸ் காட்டன் போல் மைதானம், ஓக்லஹோமாவோடு ஆட்டம். பாதி அரங்கம் எங்கள் ஆரஞ்சு, பாதி அவர்கள் சிவப்பு, 50 யார்டு கோட்டில் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருக்கும். வெளியே ஸ்டேட் ஃபேர் நடக்கும், குச்சியில் குத்திய கார்ன் டாக் எண்ணெய் வாசனை உள்ளே வரை வரும். அன்று கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தள்ளி எங்களுக்கு 4 வாய்ப்பு கிடைத்தது. நாலிலும் உள்ளே நுழைய முடியவில்லை. 34-30, தோல்வி.

2025 ஜனவரி 10. ஆர்லிங்டனில் ஒஹையோ ஸ்டேட்டோடு தேசிய அரையிறுதி. 21-14 பின்தங்கி இருக்கிறோம், கடைசி நிமிஷங்கள், மறுபடி அதே ஒரு யார்டு. முதல் முறை நேராக இடித்தார்கள், நகரவில்லை. இரண்டாவது முறை பந்தை ஓரத்துக்கு டாஸ் போட்டார்கள், விஸ்னர் 7 யார்டு பின்னால் பிடிபட்டார். மூன்றாவது எறி வீண். நாலாவதில் அவர்கள் ஆள் ஜாக் சாயர் வந்து க்வின் கையில் இருந்த பந்தைத் தட்டி, தானே எடுத்து 83 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். க்வின் ஒஹையோ ஸ்டேட்டில் இருந்த வருஷம் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் இந்த சாயர். 28-14. அன்று இரவு வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. அதுதான் நல்லது என்று அவர்களுக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 30. கொலம்பஸ், மறுபடி ஒஹையோ ஸ்டேட், அவர்கள் ஊரில். சீசன் தொடங்கும் முன்பே ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் நம்பர் 1 என்று டெக்சஸைப் போட்டிருந்தார்கள், சரித்திரத்தில் முதல்முறையாக. குவார்ட்டர்பேக் இப்போது ஆர்ச். மூன்றாவது குவார்ட்டர், நாலாவது வாய்ப்பு, ஒரு யார்டு. ஆர்ச் தானே பந்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் முட்டினார். சுவர். 14-7, தோல்வி.

ஆள் மாறினார். யார்டு மாறவில்லை. ஒரு யார்டு என்பது மூன்றடி. மாவலியிடம் வாமனன் கேட்டதும் மூன்றடி மண்தான், அவருக்குக் கிடைத்தது. மைதானத்துக்கு மட்டுமே கோடிக்கணக்கில் கொட்டிய எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு வீட்டுக்காரர் பையனிடம் தனியாக இதைச் சொன்னபோது, அவன் சரியான இடத்தில் கொக்கி போட்டான். "அங்கிள், ஒஹையோ ஸ்டேட் கேம்ல கெல்வின் பேங்க்ஸ் இருந்தாரே? நாட்டுலயே பெஸ்ட் லைன்மேன்னு அவுட்லேண்ட் அவார்டு வாங்கினவர். அப்பவும்தானே போகல?"

அடி சரியாகத்தான் விழுந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். பேங்க்ஸ் ஓரத்தில் நிற்கும் டேக்கிள். குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்த மூன்றடி நடுவில் ஜெயிக்க வேண்டியது. சென்டரும் இரண்டு கார்டும் சேர்ந்து எதிரே நிற்கும் 150 கிலோ ஆளை ஓர் அடி பின்னால் தள்ள வேண்டும். எங்கள் லைன் அழகாகத் தடுக்கும், முரட்டுத்தனமாகத் தள்ளாது. ஸார்க்குக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததால்தான் இடிக்காமல் ஓரத்துக்கு டாஸ் போட்டார். அவர் போடும் திட்டங்கள் 20 யார்டு 30 யார்டு தூரத்தில் அற்புதம், எதிராளி எங்கே பார்ப்பதென்று தெரியாமல் முழிப்பான். இடம் குறுகினால் அந்த மூளை வேலை செய்ய இடமில்லை. 2023 பிக் 12 லீக் இறுதியாட்டத்தில் டவான்ட்ரே ஸ்வெட் என்ற 160 கிலோ டிஃபென்ஸ்காரரைக் கூட்டி வந்து, அவருக்கே பந்தை எறிந்து டச்டவுன் வாங்கினார். அரங்கமே ஆடியது. நானும் ஆடினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், இடித்துக்கொண்டு போக முடியாத வீட்டில்தான் இத்தனை வித்தை தேவைப்படும்.

க்வின் கட்சிக்காரர்களுக்கு வருகிறேன். 2021ல் டெக்சஸ் 5 ஜெயம் 7 தோல்வி. சொந்த மைதானத்தில் கேன்சஸிடம் 57-56 என்று தோற்ற வருஷம். பிறகு 8-5, 12-2, 13-3 என்று ஏறியது. க்வின் 2022ல் ஆட வந்தார், அதனால் ஏற்றத்தின் பெயர் அவருக்குப் போயிற்று. அதே 2022ல் ஒரே மூச்சில் லைனுக்கு மட்டும் 7 பையன்களைச் சேர்த்தார்கள், பேங்க்ஸ், டிஜே கேம்ப்பெல், கேமரன் வில்லியம்ஸ் எல்லாம் அந்தச் செட். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? 2023ல் க்வினுக்குத் தோளில் அடிபட்டபோது மாலிக் மர்ஃபி 2 ஆட்டம் ஆடினார், இரண்டும் ஜெயம். 2024ல் க்வினுக்கு விலாப்பக்கம் அடிபட்டபோது ஆர்ச் 2 ஆட்டம் ஆடினார், இரண்டும் ஜெயம். மூன்று பேர் மாறி மாறி நின்றாலும் வண்டி ஓடியது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டிலும் பாருங்கள்: பேங்க்ஸ் 9வது ஆளாகப் போனார், க்வின் 231வது.

க்வினைக் குறைத்துச் சொல்லவில்லை. டஸ்கலூசாவில் அலபாமாவை 34-24 என்று சாய்த்த ராத்திரியை மறந்தால் நான் மனுஷனே இல்லை. பீச் போலில் அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிராக ஓவர்டைம், நாலாவது வாய்ப்பு, 13 யார்டு வேண்டும், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்போது மேத்யூ கோல்டனுக்கு 28 யார்டு எறிந்து டச்டவுன் போட்டாரே, அந்த எறி அவருடையது, லைனுடையது அல்ல. 13 யார்டை எடுத்த மனிதருக்கு அடுத்த ஆட்டத்தில் ஒரு யார்டு கிடைக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த 2024 லைனில் ஐந்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். கேம்ப்பெல் மட்டும் மிச்சம். அந்த வீட்டில்தான் ஆர்ச்சைக் குடி வைத்தார்கள்.

2025 செப்டம்பர் 13 அன்று யுடெப்போடு (எல் பாசோ கல்லூரி) ஆட்டம், நான் மைதானத்தில் இருந்தேன். மேல் தட்டு, வெயில் நேரே மூஞ்சியில், அலுமினிய பெஞ்சில் கை வைத்தால் தோசைக்கல். ஆர்ச் தொடர்ந்து 10 எறி தவறவிட்டார். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் எப்போதும் ஒரு பெரியவர் உட்காருவார், அறுபது வயதுக்கு மேல், வெளுத்துப்போன ஆரஞ்சு தொப்பி. முந்தின வருஷம் அக்டோபரில் ஜார்ஜியா ஆட்டத்தில் க்வின் தடுமாறியபோது எழுந்து நின்று "ஆர்ச்சை இறக்குடா" என்று தொண்டை கிழியக் கத்தியவர் அவர். அன்று நடு ஆட்டத்தில் நிஜமாகவே ஆர்ச்சை இறக்கினார்கள், ஒன்றும் நடக்கவில்லை, க்வினையே திருப்பிக் கூப்பிட்டார்கள். இந்தச் செப்டம்பரில் அதே பெரியவர் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு ஆர்ச்சைப் பார்த்து "பூஊஊ" என்று ஊளையிட்டார். சுற்றிலும் பாதிப் பேர் சேர்ந்துகொண்டார்கள். இத்தனைக்கும் அந்த ஆட்டம் 27-10 என்று நாங்கள் ஜெயித்த ஆட்டம்! எங்கள் மைதானத்தில் எல்லாருக்கும் பிடித்த ஆட்டக்காரர் எப்போதும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான்.

அக்டோபரில் ஃப்ளோரிடாவிடம் 29-21 என்று தோற்றபோது மறுபடி மறுபடி ரீப்ளே போட்டுப் பார்த்தேன். பந்து கைக்கு வந்து, "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவதற்குள் நடுவில் ஒருத்தன் புகுந்துவிடுகிறான். ஆர்ச்சின் கால் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. கால் நிற்காதவன் கை எப்படி நேராகப் போகும்?

நவம்பரில் லைன் கொஞ்சம் பழகியது, ஆர்ச்சும் மாறினார். வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில், அதுவரை ஒரு தோல்வியும் இல்லாத டெக்சஸ் ஏ அண்ட் எம்மை 27-17 என்று கவிழ்த்தோம். அந்த இரவு ஸ்கோரை மூன்று பேருக்கு அனுப்பினேன், மூவரும் ஏ அண்ட் எம்மில் படித்தவர்கள்.

மிசிசிப்பி ஸ்டேட் ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 17 பாயின்ட் பின்னால் இருந்து நாலாவது குவார்ட்டரில் ஆர்ச் இழுத்துக்கொண்டு வந்தார், அதில் சந்தேகமே வேண்டாம், அது குவார்ட்டர்பேக்கின் வேலை. ஓவர்டைமில் தலையில் அடிபட்டு வெளியே போனார். மேத்யூ கால்ட்வெல் வந்தார். ட்ராய் உட்பட மூன்று கல்லூரி சுற்றிவிட்டு வந்த ஆள். எறிந்தது ஒரே ஒரு பந்து, அது டச்டவுன், 45-38. அந்த ஒரு எறிக்கு அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு வினாடி. லைன் அதைக் கொடுத்தது.

இப்போது 2026 ஜனவரி. போர்ட்டல் 2ஆம் தேதி திறந்தது, 16ஆம் தேதி வரை. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், 2025-26ல் மொத்தமாக 20.5 மில்லியன் டாலர் அளவுக்கு. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. ரிசீவருக்கு ஒரு கூடை கொடுத்தால் கார்டுக்குக் கொட்டாங்கச்சிதான் மிஞ்சும். கேம்ப்பெல்லுக்கும் நாலு வருஷம் முடிந்தது. 2026ல் எங்கள் லீக்கான எஸ்இசியில் 8 ஆட்டத்துக்குப் பதில் 9 ஆட்டம். ஆர்ச் திரும்பி வருகிறார், சந்தோஷம். யாருக்குப் பின்னால் நிற்கப்போகிறார் என்று யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 12, ஆஸ்டினில் அதே ஒஹையோ ஸ்டேட் வருகிறது. வீட்டுக்காரர் பையனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தள்ளி பந்து கிடைத்து, நடுவில் இடித்தே உள்ளே போய்விட்டால், அடுத்த பிரியாணி என் செலவு, அவன் ஹாஸ்டல் நண்பர்கள் எத்தனை பேர் வந்தாலும். ஸார்க் மறுபடி ஓரத்துக்கு டாஸ் போட்டால் அவன் எங்கள் வீட்டுப் புல்லை ஒரு மாசம் வெட்ட வேண்டும்.

"நீங்க தோக்கணும்னு நான் வேண்டிக்கிறேன் அங்கிள்" என்றான்.

"நானும்தான்டா" என்றேன்.