பெட் ஸ்கேன் கிருமியின் பெயரைச் சொல்லாது

தந்தைக்குச் சர்க்கரை நோயால் வந்த கால்புண் பற்றிக் கேட்ட மன்னார்குடி நண்பருக்கு, "பெட் ஸ்கேன் எடுத்தால் எந்தக் கிருமி என்று தெரிந்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தேவையில்லை" என்று ஒருவர் அளித்துள்ள பதில் தவறானது. உடலில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது சேரும் இடங்களைப் படமெடுப்பதே பெட் ஸ்கேன். அதற்கு வழக்கமாக ஊசியில் செலுத்தப்படும் எஃப்டிஜி, ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு சேர்ந்த, குளுக்கோஸை ஒத்த பொருள். கிருமியை எதிர்க்கத் திரளும் நம் வெள்ளணுக்களே அதைப் பெருமளவில் உறிஞ்சுவதால், சீழ் பிடித்த எலும்பும், கிருமியே இல்லாத அழற்சியும், பல புற்றுநோய்க் கட்டிகளும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒளிர்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் படத்தின் தெளிவும் குறையக்கூடும். இந்த நோயாளிக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

பாக்டீரியாவையே தேடிச் செல்லும் பொருள்களும் ஆய்வில் உள்ளன. எஃப்டிஜியிலிருந்தே தயாரிக்கப்படும் எஃப்டிஎஸ் என்ற பொருளை ஈ.கோலை, கிளெப்சியெல்லா குடும்பத்துக் கிருமிகள் உட்கொள்ளும். ஆனால் கால்புண்களில் அடிக்கடி காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் சிக்காது.

இந்த ஸ்கேனின் கதிரியக்கம் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும் என்று சொல்லப்படுவதும் சரியன்று. ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், மறுநாளைக்குள் அநேகமாக முழுவதும் அற்றுவிடும்.

கிருமி எலும்புவரை எட்டியுள்ளதா என்று அறிய, புண்ணின் ஆழத்தில் எலும்பு தட்டுப்படுகிறதா என்று மருத்துவர் மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்ப்பதையும், எக்ஸ்ரேயையும், அவர் கேட்டால் எலும்புத் துணுக்கின் கல்ச்சரையும், இந்த ஸ்கேனை நம்பித் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.