மாதாவின் அம்மா பெயர் பைபிளில் இல்லை

எங்கள் அம்மாச்சி வீட்டுச் சுவரில் மாதாவின் அம்மாவான புனித அன்னம்மாள் படம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளையான மாதாவைப் பக்கத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் படம். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல், அந்தப் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றி அழுது அம்மாச்சி பெற்ற பிள்ளைதான் என் அம்மா.

ஒன்பதாவது படிக்கும்போது மறைக்கல்வி வகுப்பில், "அன்னம்மாள் பைபிளில் எந்த அதிகாரத்தில் வருகிறார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேட்கக் கூடாது, உட்கார்" என்றார்கள். எந்த அதிகாரத்திலும் வரவில்லை என்பது எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருஷம் ஆனது. லூக்காவில் வரும் அன்னா வேறு. கோவிலிலேயே கிடந்து நோன்பிருந்த கைம்பெண் அவர்.

மாதாவின் பெற்றோர் சுவக்கின், அன்னம்மாள் என்ற பெயர்கள் நமக்கு வந்தது, இயேசுவின் சகோதரர் எனப்படும் யாக்கோபு எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கிரேக்க நூலிலிருந்து. இரண்டாம் நூற்றாண்டு நூல் அது. அப்போது யாக்கோபு இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் ஒரு இடம். பிள்ளையில்லாத அன்னம்மாள் தோட்டத்தில் லாரல் மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார். கிளையில் சிட்டுக்குருவிக் கூடு. "இந்தப் பறவைகளுக்குக்கூட நான் ஒப்பாக மாட்டேனே ஆண்டவரே, அவையும் உம் முன்னால் குஞ்சு பொரிக்கின்றனவே" என்று புலம்புகிறார். இதை முதல் தடவை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இவ்வளவு அழகான நூலை ஏன் பைபிளில் சேர்க்கவில்லை? இந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ஒரே பதில்தான் சுற்றுகிறது: 325இல் நைசியா நகரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி, பிடிக்காத நூல்களை எல்லாம் கொளுத்தச் சொன்னார் என்று. தயவுசெய்து இதை இனிமேல் பகிராதீர்கள். நைசியா சங்கம் போட்ட 20 விதிகளில் ஒன்றுகூட எந்த நூல் பைபிளில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. இன்று நம் கையில் இருக்கும் அதே 27 புதிய ஏற்பாட்டு நூல்களை வரிசைப்படுத்திய முதல் பட்டியல் 367இல்தான் வருகிறது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா (உயிர்ப்புத் திருநாள்) மடலில். அதற்கு முன்னால் இருநூறு வருஷமாக அந்தந்த ஊர்ச் சபைகள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தன. எபிரேயர் திருமுகமும் திருவெளிப்பாடும்கூட சந்தேகப் பட்டியலில் இருந்துதான் உள்ளே வந்தன.

அந்த வாதம் எப்படி நடந்தது என்பதற்கு செராப்பியோன் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோக்கியாவின் ஆயர் அவர். ரோசுஸ் என்ற ஊர்ச் சபையில் பேதுரு பெயரில் ஒரு நற்செய்தியை வாசிக்கிறார்கள், அதனால் சண்டை. புரட்டிக்கூடப் பார்க்காமல், "இதுதான் பிரச்சினை என்றால் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். பிறகு, இயேசுவுக்கு உடம்பு இருந்தது வெறும் தோற்றம்தான் என்று போதிக்கிறவர்கள் கையில் அந்த நூல் இருப்பது தெரிகிறது. அவர்களிடமே பிரதியை வாங்கி முழுக்கப் படிக்கிறார். பெரும்பகுதி சரியான போதனைதான், சில இடங்கள் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தவை என்று நேர்மையாக எழுதுகிறார். ஆனால் அனுமதியைத் திரும்பப் பெறுகிறார்.

அந்த நூலின் ஒரு துண்டு 1880களில் எகிப்தில் ஒரு துறவியின் கல்லறையில் கிடைத்தது. அதில் சிலுவையில் அறையும்போது இயேசு வலியே இல்லாதவர்போல மௌனமாக இருக்கிறார். கல்லறையிலிருந்து சிலுவை தானாக நடந்து வந்து பேசுகிறது. நான் செராப்பியோன் பக்கம்தான். வலி தெரியாத ஆண்டவரிடம் அம்மாச்சி ஏழு வருஷம் எதைச் சொல்லி அழுதிருப்பார்? மாற்கில் உரத்த குரலில் கத்துகிறாரே, அவர்தான் எனக்கு வேண்டும்.

எல்லா நூலும் தப்பான போதனைக்காகத் தள்ளப்படவில்லை. எர்மா எழுதிய 'மேய்ப்பர்' நூல் என்றால் அன்று பலருக்கு உயிர். நான்காம் நூற்றாண்டு கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதியான சினாய்ப் பிரதியில் அது புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே இருக்கிறது. சபை ஏற்ற நூல்கள் எவை என்று சொல்லும் பழைய முரத்தோரி பட்டியல் அதைப் பற்றிச் சொல்லும் காரணம் எளிமையானது: இது நம் காலத்தில், ரோமில் எழுதியது, படியுங்கள், ஆனால் இறைவாக்கினரோடும் திருத்தூதரோடும் சேர்த்துச் சபையில் வாசிக்காதீர்கள். அத்தனாசியுஸும் இதைப் புதிதாக வருகிறவர்கள் படிக்கலாம் என்றே விட்டுவைத்தார். பலிபீடத்தில் நின்று திருத்தூதர் சாட்சியமாக எதை வாசிப்பது என்பதே அவர்கள் கேள்வி. வீட்டில் எதைப் படிப்பது என்பது வேறு.

அந்த வித்தியாசத்தை நம் மறைக்கல்வி வகுப்புகள் சொல்லிக்கொடுப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ஜூலை 26 சுவக்கின், அன்னம்மாள் திருநாளுக்குப் பூசை வைக்கிறோம். பேதுரு தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டதாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதுவும் பைபிளுக்கு வெளியே உள்ள பேதுரு பணிகள் நூலில் இருப்பது. தோமையார் இந்தியாவுக்கு வந்த கதையும் அப்படித்தான். இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்வதில் என்ன பயம்? நாம் சொல்லாவிட்டால் வாட்ஸ்அப் சொல்லும்.

அம்மாச்சி படுக்கையில் விழுந்த கடைசி வருஷம், அந்தக் குருவிக்கூட்டுப் பகுதியை எனக்குத் தெரிந்த தமிழில் வாசித்துக் காட்டினேன். இது பைபிளில் இல்லை அம்மாச்சி என்றும் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இத ஏன்யா இம்புட்டு நாளா எனக்கு யாரும் சொல்லல?"