கன்னிமாரா தேக்கு முன்னால் எதுக்குங்க பாட்டு?

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் தாண்டிப் பரம்பிக்குளம் போய், வண்டியிலிருந்து இறங்கி நடந்து கன்னிமாரா தேக்கு முன்னால் வாய் பிளந்து நின்றால், பக்கத்தில் ஒரு கூட்டம் செல்போனில் சத்தமாகப் பாட்டுப் போடுகிறது. 400 வருஷத்துக்கு மேல் நிற்கிற மரம்ங்க! சுற்றளவு மட்டும் ஏறக்குறைய 7 மீட்டர். வெட்டப்போனபோது ரத்தம் கசிந்ததாகச் சொல்லி, அங்குள்ள பழங்குடி மக்கள் சாமியாகக் கும்பிடுகிற மரம்.

அது போதாதென்று ஒருத்தர் சாவியை எடுத்துப் பட்டையில் பேரைக் கீறப் போனார். இலையில் உண்டாகும் உணவு அந்தப் பட்டை வழியாகத்தானே வேருக்கு இறங்குகிறது? கைடு அதட்டிய பிறகுதான் கையை எடுத்தார். பாட்டு மட்டும் நாங்கள் திரும்பி வண்டி ஏறும்வரை நிற்கவே இல்லை.