மாற்றுக் குறையாத ரூபாயும் மதிப்பிழந்த தண்டையும்

என் மேசையில் இரண்டு வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. ஒன்றில் விக்டோரியாவின் தலை, ஆண்டு 1892. மற்றொன்றில் ஏழாம் எட்வர்டின் கிரீடமில்லாத தலை, ஆண்டு 1907. தேய்மானத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தராசு முள் இந்தப் பக்கமும் சாயாது, அந்தப் பக்கமும் சாயாது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபடி இரண்டுக்கும் 180 கிரெயின் (ஏறத்தாழ 11.7 கிராம்) எடை. அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. ஆங்கிலேய அரசு ரூபாயில் கலப்படம் செய்து நம்மைச் சுரண்டியது என்று பேசுபவர்களிடம் இவற்றை எடுத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இந்தக் காசுகளில் கலப்படம் இல்லை. ஆனால் இவை இரண்டுக்கும் நடுவே, 1893ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி, காசின் மேல் கைவைக்காமலேயே காரியம் முடிந்திருந்தது.

அதற்கு முந்தைய ஏற்பாடு எளிமையானது. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளுக்கு யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோகலாம். (சென்னை நாணயச்சாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டது, தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம்.) நூற்றுக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல் கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியை ரூபாயாக அடித்துத் தருவார்கள். 100 தோலா சுத்த வெள்ளிக்கு ஏறத்தாழ 106 ரூபாய் கிடைத்தது. ரூபாயின் எடையே ஒரு தோலா என்பதால் தட்டானின் பட்டறையில் எடைக்கல்லும் அதுதான்: ஒரு தட்டில் ரூபாய், மறுதட்டில் தண்டையோ காப்போ. எடையும் மாற்றும் சமமென்றால் மதிப்பும் ஏறக்குறையச் சமம். நிலவரி கட்டியதுபோக மிஞ்சியதைக் குடியானவன் வெள்ளியாக வாங்கி வீட்டுப் பெண்களின் கையிலும் காலிலும் பூட்டி வைத்தது ஆடம்பரத்துக்காக அல்ல. அது உறங்கிக்கொண்டிருக்கும் பணம். எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். 1876–78 பஞ்சத்தில் அப்படித்தான் எழுப்பினார்கள். பம்பாய் நாணயச்சாலைக்கு நகைகள் வந்து குவிந்தன.

சிக்கல் வெளியிலிருந்து வந்தது. 1870களில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது, மற்ற ஐரோப்பிய நாடுகளும் வெள்ளி நாணயத்தைக் கட்டுப்படுத்தின, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புது வெள்ளி வெள்ளமாக வந்தது. லண்டனில் அவுன்சு 60 பென்ஸ் விற்ற வெள்ளி 1892–93இல் 40 பென்ஸுக்குக் கீழே இறங்கியது. கூடவே 2 ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாய் 1 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனது (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பிரிட்டிஷ் பவுன்). நாட்டுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்பவனுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஏற்றுமதிக்கு லாபம்கூட உண்டு. அடி விழுந்தது அரசின் கணக்கில். கடன் வட்டி, ரயில்வே உத்தரவாதம், ஓய்வூதியம் என்று ஹோம் சார்ஜஸ் என்ற பெயரில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி 65 லட்சம் பவுன் லண்டனுக்குப் போக வேண்டும். பழைய விகிதத்தில் அது 16½ கோடி ரூபாய். புதிய விகிதத்தில் 26 கோடிக்கு மேல்.

வரியைக் கூட்டினால் கலகம் வரும் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. இந்திய நாணயச் சிக்கலை ஆராய அமைத்த ஹெர்ஷல் குழுவின் பரிந்துரையின்படி நாணயச்சாலையின் கதவைத் தனியாருக்குச் சாத்தினார்கள். அவ்வளவுதான். இனி ரூபாய் அடிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே; அரசும் சில ஆண்டுகள் அடிக்காமல் இருந்தது. காசுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, வெள்ளி மேலும் சரிந்துகொண்டிருந்தபோதே ரூபாய் 1898இல் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு ஏறியது. அதே எண்ணிக்கை ரூபாயை வரியாகக் கட்டக் குடியானவன் கூடுதல் தானியத்தை விற்க வேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் வரி மசோதா எதுவும் வராமலே வரி ஏறிய விதம் இது. 1898இல் நாணயக் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் தாதாபாய் நௌரோஜி இதைத்தான் இடித்துக் கூறினார்.

தண்டைக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1902 வாக்கில் வெள்ளி அவுன்சு 24 பென்ஸ். லண்டன் விலையில் கணக்குப் போட்டால், முன்பு 106 ரூபாயாக மாறிய 100 தோலா வெள்ளி 61 ரூபாய்தான் தேறும். தட்டானின் தராசில் ரூபாயும் தண்டையும் முன்போலவே சமமாக நின்றன. ஒன்றின் மதிப்பு 16 பென்ஸ், மற்றதன் மதிப்பு ஏறக்குறைய 9 பென்ஸ். 1899–1900 பஞ்சத்தில் நகையை விற்க வந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யார் விளக்கியிருப்பார்கள்?

அந்த 7 பென்ஸ் எங்கே போனது என்பதே என் கேள்வி. 1900இல் அரசு மீண்டும் அடிக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு ரூபாயிலும் முகமதிப்பில் நூற்றுக்கு நாற்பது அளவில் லாபம் நின்றது. நியாயமாகச் சொன்னால், அதை அப்படியே செலவழித்துவிடவில்லை. தங்கத் திட்ட ஒதுக்கு நிதி என்று சேர்த்தார்கள். வெள்ளியைவிடக் கூடுதல் மதிப்பில் ஓடும் காசைத் தாங்கிப்பிடிக்க அப்படியொரு நிதி தேவை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதன் பெரும்பகுதி லண்டனில், பிரிட்டிஷ் கடன் பத்திரங்களில் கிடந்தது. நடுவில் 1907இல் அந்த லாபத்தில் பாதியை ரயில்வேக்குத் திருப்பவும் முடிவு செய்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய பணநெருக்கடி, அந்த ஒதுக்கு நிதியின் அருமையைக் காட்டிக்கொடுத்தது. 1914இல் நிதி 2 கோடி பவுனைத் தாண்டியிருந்தது. இந்தியக் கைகளில் புழங்கிய காசின் லாபம் லண்டன் சந்தைக்கு மலிவான கடனாயிற்று.

போர் வந்ததும் கணக்கு தலைகீழானது. வெள்ளி 43 பென்ஸைத் தாண்டினால் 16 பென்ஸ் ரூபாயை உருக்குவதே லாபம். 1917 ஆகஸ்டில் தாண்டியது. அதுவரை காசில் ஆதாயம் பார்த்த அரசு அன்றைக்கு என்ன செய்தது? உருக்குவதைத் தடைசெய்து, ரூபாய் மதிப்பை உயர்த்தி, ஒரு ரூபாய் நோட்டை அச்சிட்டது. உள்ளூர்களில் அந்த நோட்டுக்கு வட்டம் பிடித்தார்கள், அதாவது முகமதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். 1918இல் பிட்மன் சட்டத்தின்கீழ் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கிக் கொடுத்த 20 கோடி அவுன்சு இந்தியாவுக்கு வந்து ரூபாயானது. நட்டம் என்று வந்தபோது விதி உடனே மாறியது. தண்டை வைத்திருந்தவளுக்கு அந்தச் சலுகை இருந்ததில்லை.

கலப்படம் என்று சட்டப்படி சொல்லத்தக்கது 1940இல்தான் நடந்தது: ரூபாயின் எடையில் பன்னிரண்டில் பதினொரு பங்காக இருந்த வெள்ளி, எடையில் பாதியாகக் குறைக்கப்பட்டது. பாதி வெள்ளிக் காசு வந்ததும் முழு வெள்ளிக் காசுகளை மக்கள் பதுக்கினார்கள், அரசு திரும்ப அழைத்தது. மேசையில் இருக்கும் விக்டோரியா 1941இலும், எட்வர்டு 1942இலும் செல்லாக்காசாயின.