ஃபோர்ட் மீடின் இரண்டு நாற்காலிகள்

அமெரிக்க விமானப்படையின் நான்கு நட்சத்திர ஜெனரல் டிமோத்தி ஹாக், 2025 ஏப்ரல் 3ஆம் தேதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அரசு காரணம் எதையும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய நாள் அதிபர் டிரம்பைச் சந்தித்திருந்த லாரா லூமர் என்ற தீவிர வலதுசாரிப் பிரசாரகர், ஹாக் அதிபருக்கு விசுவாசமானவர் அல்ல, அதனால்தான் வெளியேற்றப்பட்டார் என்று சமூக ஊடகத்தில் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டார். மேற்கொண்டு பேசுவதற்கு முன் அந்த மனிதர் வகித்த பதவி என்ன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் அன்று ஒரே உத்தரவில் இரண்டு நாற்காலிகள் காலியாயின.

முதலாவது, என்.எஸ்.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமையின் இயக்குநர் பதவி. 1952இல் அதிபர் ட்ரூமன் ரகசியமாகத் தொடங்கிய அமைப்பு இது. உலகத்தின் தொலைபேசி, மின்னஞ்சல், செயற்கைக்கோள் தொடர்புகளை ஒட்டுக்கேட்பதும் சங்கேதங்களை உடைப்பதும் இதன் தொழில். இரண்டாவது, அமெரிக்க சைபர் கமாண்டின் தளபதி பதவி. எதிரியின் கணினி வலையமைப்புகளைத் தாக்குவதும் தங்கள் ராணுவத்தின் வலையமைப்புகளைக் காப்பதும் அதன் வேலை. இரண்டுக்கும் தலைமையகம் மேரிலாந்து மாநிலத்தில் ஃபோர்ட் மீட். 2010 முதல் இரண்டுக்கும் தலைவர் ஒருவரே. 'இரட்டைத் தொப்பி' என்று அங்கே செல்லமாகச் சொல்வார்கள்.

இந்த ஏற்பாடு பிறந்த கதை சுவையானது. 2008இல் மத்திய கிழக்கில் ஒரு ராணுவத் தளத்தில் யாரோ ஒரு பென் டிரைவை மடிக்கணினியில் செருகினார்கள். அதிலிருந்த 'புழு', அதாவது தானாகப் பரவும் கெடுதல் நிரல், பென்டகனின் ரகசிய வலையமைப்புக்குள் புகுந்துவிட்டது. அதை விரட்டிய நடவடிக்கைக்கு 'பக்ஷாட் யாங்கி' என்று பெயர். அந்தச் சூட்டோடு, 2009இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் சைபர் கமாண்டை அமைக்க உத்தரவிட்டார். புதிய படைக்கு ஆள் வேண்டும், கருவி வேண்டும், அனுபவம் வேண்டும். எல்லாம் என்.எஸ்.ஏ.விடம் இருந்தது. அதன் இயக்குநர் கீத் அலெக்சாண்டரையே புதிய படைக்கும் தளபதியாக்கினார்கள். தற்காலிக வசதிக்காகச் செய்தது நிரந்தரமாகிவிட்டது. அரசு அலுவலகத்தில் ஒரு நாளாவது வேலை பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கேட்கும் அமைப்பும் தாக்கும் படையும் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சினை இல்லை. ஹாக் திறமையானவர் என்றே அவரோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

எதிரியின் கணினிக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் இரண்டு காரியம் செய்யலாம். சத்தமில்லாமல் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கலாம். அல்லது அந்தக் கணினியைச் செயலிழக்கச் செய்யலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. தாக்கிய மறுநிமிடம் எதிரி விழித்துக்கொண்டு கதவை அடைத்துவிடுவான். கிணற்றில் நீர் இறைப்பவனும் கிணற்றைத் தூர்ப்பவனும் ஒரே கயிற்றில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு முதல் உரிமை? இது ஒவ்வொரு முறையும் சண்டை போட்டுத் தீர்க்கவேண்டிய கேள்வி. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் எழுத்தில் வாதிட்டு, மூன்றாமவர் முடிவெடுக்கவேண்டும். இரட்டைப் பதவியில் அந்தச் சண்டை ஒருவரது மண்டைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குக் கோப்பு கிடையாது, எதிர்ப்புக் குறிப்பு கிடையாது. பின்னாளில் விசாரிக்க வருபவனுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

கற்பனையாகச் சொல்லவில்லை. சைபர் கமாண்ட் பிறப்பதற்கு முன், 2008இல் நடந்தது இது. சி.ஐ.ஏ.வும் சவுதி அரசும் சேர்ந்து தீவிரவாதிகளைப் பொறிவைத்துப் பிடிக்க ஓர் இணையதளம் நடத்திவந்தன. ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைகளைத் தாக்கத் திட்டமிடுபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், மூடவேண்டும் என்றது ராணுவம். எங்களுக்குத் தகவல் வரும் வழி அது, தொடாதீர்கள் என்றது சி.ஐ.ஏ. ராணுவம் வென்றது. தளத்தை முடக்கிய வேகத்தில் சவுதி, ஜெர்மனி, டெக்சாஸ் என்று பல இடங்களில் 300க்கும் மேற்பட்ட சர்வர்கள் தடுமாறின. 2010இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதை வெளியிட்டது. முடிவு சரியா தவறா என்பது வேறு. இரண்டு தனி அமைப்புகள் முட்டிக்கொண்டதால்தான் விஷயம் வெள்ளை மாளிகை அதிகாரிகள்வரை போனது, அதனால்தான் நமக்கும் தெரியவந்தது. இதே மோதல் என்.எஸ்.ஏ.வுக்கும் சைபர் கமாண்டுக்கும் இடையே வந்தால் எந்த நிருபருக்கு எப்படித் தெரியும்?

என்.எஸ்.ஏ.வுக்கு இன்னொரு கடமையும் உண்டு: அமெரிக்கக் கணினிகளைக் காப்பது. ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால் அதைத் தயாரித்த நிறுவனத்துக்குச் சொல்லி அடைக்கச் செய்வதா, ஆயுதமாகப் பதுக்கிவைப்பதா? விண்டோஸில் அவர்கள் கண்ட ஓர் ஓட்டைக்கான ஆயுதத்துக்கு 'எடர்னல்புளூ' என்று பெயர். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பதுக்கிவைத்திருந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஓட்டையை அடைத்தது. ஏப்ரலில் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற மர்மக் கும்பல் அந்த ஆயுதத்தையே இணையத்தில் வீசியது. மே 12ஆம் தேதி, கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'வான்னாக்ரை' அந்த ஆயுதத்தோடு வந்தது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சைகள் ரத்தாயின. அடுத்த மாதம் 'நாட்பெட்யா'. அதுவும் இதே ஆயுதத்தைத் தாங்கி வந்தது. அதில் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்கு முனையம் நின்றுபோனது.

அந்த மே மாத வார இறுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நிதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். கிளை கிளையாகப் போன் செய்து, 'கணினியைப் போடாதீர்கள், நாங்கள் சொல்லும்வரை போடாதீர்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம். விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பி ஓடும் பெட்டிகள் பல கிளைகளில் இருந்தன. ஆதரவை நிறுத்தி மூன்றாண்டு ஆன எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டது என்றால் நிலைமை புரியும். ஃபோர்ட் மீடில் ஒருவர் எடுத்த முடிவுக்காக ஒரு கிளை மேலாளர் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து சாவி திறந்தார். இந்த விவகாரத்தில் எனக்கிருக்கும் கோபம் அங்கிருந்து வருவது. மறைக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் இருக்கிறது, லேசானது அல்ல. 2018 முதல் 2024 பிப்ரவரி வரை இரு பதவிகளையும் வகித்த பால் நகசோனே சொல்வது வேகம். 2018 நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் நாளில், செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்த ரஷ்யப் பொய்ப்பிரசார ஆலை ஒன்றின் இணையத் தொடர்பை சைபர் கமாண்ட் துண்டித்தது. உளவும் படையும் ஒருவர் கையில் இருந்ததால்தான் இப்படிச் சட்டென்று செயல்பட முடிகிறது என்பது அவர்கள் கட்சி. முன்னாள் முப்படைத் தலைவர் ஜோசஃப் டன்ஃபோர்ட் தலைமையில் 2022இல் நடந்த ஆய்வும் இரட்டைப் பதவியே தொடரட்டும் என்றது. பிரித்தால் செலவு இரட்டிப்பாகும், சைபர் கமாண்ட் சொந்தக் காலில் நிற்க இன்னும் நாளாகும் என்பதும் உண்மை.

ஆனால் வேகம் என்றால் ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான நடவடிக்கையையும் பார்க்கவேண்டும். அதே இரட்டைத் தொப்பி, அப்போது அணிந்திருந்தவர் மைக் ராஜர்ஸ். சைபர் கமாண்டின் செயல்பாடு தமக்குப் பெரும் ஏமாற்றம் அளித்ததாகப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஆஷ் கார்ட்டர் பின்னர் எழுதினார். ஒருவர் தலைமையில் இருந்தால் தானாக வேகம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை.

பிரிக்கச் சொன்னவர்களும் குறைவில்லை. என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்திய பிறகு, 2013 டிசம்பரில் ஒபாமா அமைத்த குழுவே பிரிக்கச் சொன்னது, என்.எஸ்.ஏ.வுக்கு ராணுவத்தைச் சேராத ஒருவர் தலைவராகலாம் என்றது. வெள்ளை மாளிகை ஏற்கவில்லை. 2016 டிசம்பரில், பதவி முடியும் தறுவாயில், பிரிக்கத்தான் வேண்டும் என்று ஒபாமாவே சொன்னார். அதற்குள் பிரிப்பதற்கு நிபந்தனை விதித்து நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. 2020 டிசம்பரில் டிரம்ப் ஆட்சியின் கடைசி வாரங்களில் ஒரு முயற்சி நடந்து அடங்கியது. பதவியை விட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த ஞானம் வருவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது ஹாக் விஷயத்துக்கு வருவோம். இரு பதவிகளும் ஒருவரிடம் இருந்ததால், ஒருவரை நீக்கியதுமே இரண்டும் தலைமையற்றுப் போயின. என்.எஸ்.ஏ.வின் துணை இயக்குநர் வெண்டி நோபிளையும் அதே சமயம் மாற்றினார்கள். வில்லியம் ஹார்ட்மன் பல மாதங்கள் பொறுப்புத் தலைவராகவே ஓட்டினார். பொறுப்புத் தலைவர் என்றால் எப்படி இருப்பார் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை; கோப்பில் கையெழுத்துப் போடுவார், மேலிடத்துக்கு வேண்டாத வார்த்தை சொல்லத் தயங்குவார். அடுத்து வருபவருக்கும் செய்தி போய்விட்டது. யாரை ஒட்டுக்கேட்பது, எதைத் தாக்குவது என்று அதிபர் கேட்கும்போது 'சட்டம் இடம் தராது' என்று சொல்லவேண்டியவர் இவர். அதைச் சொல்லத் துணிபவரை ஒரே உத்தரவில் தூக்கிவிடலாம் என்றால், அந்த அதிகாரத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை. இருவரையும் நீக்கலாம்தான். ஆனால் இரண்டு முறை பதில் சொல்லவேண்டிவரும்.

'அவர்கள் நாட்டு விவகாரம், உனக்கென்ன?' என்று கேட்கலாம். அவர்களுடைய சட்டம் ஒட்டுக்கேட்பிலிருந்து முதன்மையாகக் காப்பது அமெரிக்கர்களை. நாம் வெளிநாட்டவர், பட்டியலில் அந்தப் பக்கம். ஸ்னோடன் ஆவணங்களின்படி, 2013 மார்ச் மாதத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல் பதிவுகளை என்.எஸ்.ஏ. திரட்டியது. ஈரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்துக்கு அடுத்து ஐந்தாவது இடம் நமக்கு. அன்றைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் இதை உளவு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. தொடர்புகளின் போக்கைக் கணினி ஆராய்வதுதான் என்று அவர்களுக்காகச் சமாதானம் சொன்னார்.

நம் ஏற்பாட்டையும் பார்க்கவேண்டும். கார்கிலுக்குப் பிறகு, 2002இல் ராணுவ உளவு முகமை வந்தது. தொழில்நுட்ப உளவுக்கு என்.டி.ஆர்.ஓ. தனியாக இருக்கிறது. 2019இல் ராணுவ சைபர் முகமை தொடங்கியபோது ஒரு கடற்படை ரியர் அட்மிரல் தலைவரானார். ஆக, கேட்பவரும் தாக்குபவரும் இங்கே வேறு வேறு. அந்த அளவில் நாம் தேவலை. ஆனால் ரா, ஐ.பி., என்.டி.ஆர்.ஓ. எதுவும் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது அல்ல. அவற்றைக் கேள்வி கேட்கத் தனி நாடாளுமன்றக் குழுவும் கிடையாது. இவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவர 2011இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அமெரிக்காவில் வெளிநாட்டவரை ஒட்டுக்கேட்க அனுமதிக்கும் சட்டப்பிரிவை 2024 ஏப்ரலில் இரண்டே ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள், அதுவும் பெரிய சண்டைக்குப் பிறகு. காலாவதியாகும் தேதி இருந்தால்தான் சண்டை போட முடியும். இங்கே காலாவதியாகச் சட்டமே இல்லை என்பதால், நம் உறுப்பினர்கள் எந்தத் தேதியில் எழுந்து நின்று கேட்பார்கள்?