தெர்மல் கேமரா சுவருக்கு உள்ள பாக்காது
மேல ஒரு அண்ணன் போட்டிருக்காரு, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து மேல பறக்குற ட்ரோன்ல தெர்மல் கேமரா இருக்கு, அது லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சுவர் தாண்டி உள்ள யாரு இருக்கான்னு காட்டும்னு. வாட்ஸாப்லயும் இதான் சுத்துது. அண்ணே கோவிச்சுக்காதீங்க, அது அப்படி வேலை செய்யாது லா.

அந்தக் கேமரா ஒரு பொருளோட மேல்பரப்புல இருந்து வர்ற வெப்பக் கதிர தான் பிடிக்குது, பெரும்பாலும் 8லருந்து 14 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அலைநீளம், அது செங்கல் சுவர் தாண்டி வராது, அவ்ளோ ஏன், ஜன்னல் கண்ணாடியே தடுத்துடும், அதனால தான் அந்தக் கேமராவுக்கு சாதாரண கண்ணாடி லென்ஸ் போடாம, இந்தக் கதிர உள்ள விடுற ஜெர்மேனியம்ங்கிற பொருள்ல செய்றாங்க (விலையும் எகிறுது). சுவர் ஈரமா இருந்தா, உள்ள சுடுதண்ணி பைப் ஓடி சுவரே சூடாயிருந்தா அது தெரியும், அத பாத்துட்டு தான் உள்ள தெரியுதுன்னு நினைச்சுக்கிறாங்க போல.

நீங்களே செஞ்சு பாக்கலாம். வயரிங், ஏர்கான் வேலை செய்றவங்க சிலர்கிட்ட சின்ன தெர்மல் கேமரா இருக்கும், கேட்டு வாங்கி ஒருத்தர சாத்துன கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க, அவர் தெரிய மாட்டாரு, உங்க உருவம் தான் மங்கலா திருப்பி அடிக்கும். ஜன்னல தொறந்தா பளிச்சுன்னு வந்துடுவாரு. சுவர்ல கொஞ்ச நேரம் கைய வெச்சு எடுங்க, கை அச்சு அப்படியே தெரியும், ஆனா சுவருக்கு பின்னால நிக்கிறவர் தெரிய மாட்டாரு. மெல்லிசான கறுப்பு குப்பை பிளாஸ்டிக் பை வழியா மட்டும் நல்லாவே தெரியும், அதையும் முயற்சி பண்ணி பாருங்க.