மூன்றாண்டுப் பதவிக்கு அப்பால்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்ற பெருமையோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்து துணைத் தலைவராகவும் இருந்த அவர், காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் சேவைக் கட்டாயத்திலிருந்து விடுவித்த 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தக் குறுகிய காலத்தின் விளைச்சல். ஆனால், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவராக அவர் விடாமல் முயன்று, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையை அக்கட்டுரை ஒரே வரியில் கடந்திருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே உறையை மடியில் வைத்தபடி, அந்த மருத்துவமனைக்குப் போக, சேலம் ஜங்ஷனில் சென்னை ரயிலுக்காக அத்தையோடு விழித்திருந்த எனக்கு, அவர் பெயர் அறிமுகமானது அங்கேதான். சட்டசபை வரலாறெல்லாம் பிறகு படித்தது.